அட்டை கொடுத்த பிறகு என்ன?
நீலகிரியின் சிக்கிள் செல் பரிசோதனை குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைக்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறைக்கும்,

வணக்கம்.

கோவையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பற்றிப் பாடம் நடத்துகிற யாரும், சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் மரபுவழி நோயான சிக்கிள் செல்லைத் தொடாமல் போக முடியாது. மூலக்கூறு அளவில் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் நோய் அது. ஆனால் பாடப்புத்தகங்களில் அதற்கு ஆப்பிரிக்க வரைபடமும் அமெரிக்கக் கதையும்தான் இருக்கும். கோவையில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலும் பந்தலூரிலும் அந்த நோயோடு வாழும் குடும்பங்கள் இருப்பது பல மாணவர்களுக்கு வகுப்பில்தான் தெரியவருகிறது. அவர்களில் சிலர் இப்போது ஆய்வகங்களிலும் பரிசோதனை முகாம்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் வந்து சொன்னவையும் நான் பார்த்தவையும் சேர்ந்துதான் என்னை இதை எழுத வைத்தன.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கைக்குக் கிடைக்கும் கவனம், பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு அடுத்து என்ன கிடைத்தது என்பதற்கும் கிடைக்க வேண்டும். ஒருவரின் ரத்தத்தைப் பார்த்து அவருடைய மரபணுவைப் பற்றி ஒரு செய்தி சொல்லிவிட்டால், அந்த நாளிலிருந்து அவருக்கு மருந்து, ஆலோசனை, ரகசியம் மூன்றையும் தர வேண்டிய கடன் அரசுக்கு வந்துவிடுகிறது. நம் மாநிலத்தால் இந்தக் கடனைத் தீர்க்க முடியும். அதனால்தான் தமிழ்நாட்டிடம் கேட்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் சிக்கிள் செல் நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்வதைக் காட்டினார்கள். நோய்க்குக் காரணம் கிருமியும் இல்லை, சாப்பாட்டுக் குறையும் இல்லை, ஒரு புரதத்தின் அமைப்பு மாறியிருப்பதுதான் என்று முதன்முதலில் சொன்ன ஆய்வு அது. சில ஆண்டுகள் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அந்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்த்தார். ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறி நின்றது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம், அவ்வளவுதான். ஆக்சிஜன் குறைந்தவுடன் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழையாகிறது, சிவப்பணு வளைந்து விறைக்கிறது, சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் ஓடும். இது பத்திருபது நாளில் உடைந்துவிடும்.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் நடுவில், 1952இல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் தென்னிந்தியாவில் சிக்கிள் செல் பண்பு (அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருக்கும் நிலை) இருப்பதை முதன்முதலில் பதிவு செய்தார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் கண்டது அது. இந்தியாவின் சிக்கிள் செல் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று நம் மாநிலத்து மலை. 70 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உலகம் அந்த ஒற்றை எழுத்தைத் திருத்துவது வரை போய்விட்டது. பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குக் கைகால் வீங்கினால் அது என்ன என்று சொல்ல இன்னும் நல்ல காலம் வேண்டியிருக்கிறது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம், 17 மாநிலங்களில், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2025 நடுப்பகுதிக்குள்ளேயே 6 கோடிப் பேருக்கு மேல் பரிசோதித்தாகிவிட்டது. 2 லட்சத்துக்கு மேல் நோயாளிகள், நோய் இல்லாமல் அந்தப் பண்பை மட்டும் சுமக்கும் கேரியர்கள் 16 லட்சத்துக்கு மேல். சுதந்திர இந்தியாவில் இவ்வளவு பேரின் மரபணு நிலையை இவ்வளவு வேகமாக அரசு தெரிந்துகொண்டது வேறு எதிலும் இல்லை என்றே நினைக்கிறேன். இது சாதனைதான், குறை சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் யாரும் எட்டிப் பார்க்காத நோய் இது. முகாமுக்காகக் காட்டுவழியில் நடந்துபோகும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும் ஆய்வக நுட்புநர்களையும் எனக்குத் தெரியும். என் கவலை அவர்கள் திரும்பி வந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

முகாமில் முதலில் செய்வது பெரும்பாலும் கரைதிறன் சோதனை. மலிவானது, எளிது, சில நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் அது ‘சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். இருப்பவர் நோயாளியா, ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் கேரியரா என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியோ மின்புல முறையோ வேண்டும். நோயாளிக்கும் கேரியருக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கேரியர் தன் வாழ்நாளை மற்றவர்களைப் போலவே கழிப்பார். மிக உயரமான இடம், அளவுமீறிய உடலுழைப்பு போன்ற அரிய நிலைமைகளைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகாது. நோயாளிக்கோ எலும்பைப் பிளக்கும் வலி, மண்ணீரலில் ரத்தம் தேங்குதல், நுரையீரல் பாதிப்பு, சின்ன வயதிலேயே பக்கவாதம் எல்லாம் வரக்கூடும். முதல் சோதனைக்கும் உறுதிச் சோதனைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால், அந்த வாரங்களில் ஊரில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல் போதும். என் பழைய மாணவி ஒருவர் சொன்னது: ஒரு விடுதியில் பிள்ளைகளின் முடிவுகள் பட்டியலாக வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டன. போட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தகவல் சீக்கிரம் சேரட்டும் என்று போட்டிருக்கிறார். எந்த விடுதி என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பட்டியலில் கேரியர் என்று இருந்த ஒரு பெண்ணோடு பிள்ளைகள் தட்டைப் பகிர்ந்துகொள்ள மறுத்தார்கள். தொற்றுநோய் என்று நினைத்துவிட்டார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களுக்குச் சிக்கிள் செல் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. சில சட்டங்கள் கேரியரையும் நோயாளியையும் குழப்பியே எழுதப்பட்டிருந்தன. வேலை மறுக்கப்பட்டது, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. அமெரிக்க விமானப்படை அகாதமி கேரியர்களைச் சேர்க்காமல் வைத்திருந்தது. வழக்கு வந்த பிறகு 1981இல்தான் அந்த விலக்கு போனது. 1972இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், பரிசோதனை விருப்பத்தின் பேரில் நடந்தால்தான் நிதி என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று பாலிங் செய்தது. இந்த நோயின் மூலக்கூறு ரகசியத்தைக் கண்டவர், இரண்டு நோபல் பரிசு பெற்றவர், அமைதிக்காகக் குரல் கொடுத்தவர். 1968இல் அவர் எழுதினார்: இந்த மரபணு உள்ள ஒவ்வோர் இளைஞரின் நெற்றியிலும் அதைக் காட்டும் அடையாளம் பச்சை குத்தப்பட வேண்டும், அப்படியிருந்தால் ஒரே மரபணுவைச் சுமக்கும் இருவர் காதலிக்காமல் இருப்பார்கள் என்று. அறிவும் நல்லெண்ணமும் நிறைந்த ஒருவருக்கே இப்படித் தோன்றுமானால், இலக்கை முடிக்க அவசரப்படும் ஒரு நிர்வாகத்துக்குத் தோன்றாது என்று எப்படி நம்புவது?

திட்டத்தில், ஒருவர் நோயாளியா கேரியரா என்று காட்டும் மரபு நிலை அட்டை கொடுக்கிறோம். திருமணத்துக்கு முன் பையன் அட்டையையும் பெண் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கும், பாதி கேரியராவதற்கும், நாலில் ஒரு பங்கு ஒன்றும் இல்லாமல் பிறப்பதற்கும் வாய்ப்பு. கணக்கு சரிதான். மனிதர்கள் இந்தக் கணக்கின்படி நடப்பார்களா என்பதற்கு ஏற்கெனவே ஓர் ஊர் பதில் சொல்லியிருக்கிறது. கிரேக்க நாட்டில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் சிக்கிள் மரபணு அதிகம். அங்கே எல்லோரையும் பரிசோதித்து, திருமணத் தேர்வுக்கு ஆலோசனையும் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கேரியரும் கேரியரும் செய்துகொண்ட திருமணங்கள் தற்செயலாக நடந்திருக்கக்கூடிய அளவிலேயே இருந்தன. சில திருமணங்களில் நிலையை மறைத்திருந்தார்கள். மிஞ்சியது கேரியர்கள் மீது விழுந்த களங்கம். ஆலோசனையால் நோய் குறையவில்லை, பேர்தான் கெட்டது.

சைப்ரஸ் வேறு பாதையில் போனது. அங்கே இருப்பது தலசீமியா. அதுவும் ஹீமோகுளோபின் மரபணுக் கோளாறுதான். 1980களில் திருச்சபையே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்கத் தொடங்கியது. இருந்தாலும் கேரியர் ஜோடிகளில் பெரும்பாலோர் பிரியவில்லை. மணந்துகொண்டார்கள், கருவிலேயே பரிசோதித்துத் தாங்களே முடிவெடுத்தார்கள். நோயோடு பிறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். அங்கே அட்டையோடு வசதியும் சேர்ந்து கிடைத்தது. கூடலூரில் ஒரு கேரியர் தம்பதிக்குக் கரு உண்டானால், பத்து பன்னிரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய கருச்சவ்வுப் பரிசோதனைக்கு வேலூர் மாதிரி ஒரு பெரிய மையத்துக்குத்தான் போக வேண்டும். எஸ்டேட் கூலி வேலையில் இருப்பவர் எத்தனை நாள் விடுப்பு எடுப்பார், யாரோடு போவார், எங்கே தங்குவார்? இதற்கு வழி செய்யாமல் அட்டையை மட்டும் கையில் கொடுத்தால் ஏட்டுச் சுரைக்காய் கதைதான். அப்புறம், கருவைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தத் தாயின் முடிவு. எண்ணிக்கை ஏட்டில் குறைய வேண்டும் என்பதற்காக யாரும் அவரை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. மக்கள்தொகையே சில ஆயிரங்களில் இருக்கும் குடிகளிடம் இதைப் பேசுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

‘அவர்கள் ரத்தமே அப்படி’ என்று மலைக்குக் கீழே சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1954இல் அந்தோணி ஆலிசன் கண்டுபிடித்தது இது: இந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. வயநாட்டுக் காடுகளும் நீலகிரி அடிவாரமும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போனவை. வெளியிலிருந்து வந்தவர்கள் காய்ச்சலில் மடிந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தவர்களின் உடலில் இந்த மரபணு தங்கியதில் வியப்பில்லை. ஆலோசகர் உட்கார்ந்து பேசும்போது இந்தக் கதையையும் சொல்லலாமே. பழியைக் கழுவ அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

இனி மருந்துக்கு வருகிறேன். என் ஆதங்கம் அதிகமும் இங்கேதான்.

சிக்கிள் செல் குழந்தைகளை முதல் சில ஆண்டுகளில் கொல்வது பெரும்பாலும் நிமோகாக்கஸ் கிருமித் தொற்று. மண்ணீரல் சீக்கிரமே செயலிழப்பதால் அந்தக் கிருமியை எதிர்க்க உடலுக்கு வலு இருக்காது. 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 215 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தினமும் இருவேளை பென்சிலின் கொடுத்தார்கள். தொற்று 84 சதவீதம் குறைந்தது. மீதிக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பது தவறு என்று ஆய்வையே குறித்த காலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பென்சிலின்! மரபணு வெட்டும் கருவியோ கோடி ரூபாய் ஊசியோ கேட்கவில்லை. ஆனால் அதைக் கொடுக்க, குழந்தைக்கு நோய் இருப்பது முதல் சில மாதங்களுக்குள் தெரிய வேண்டும். பிறந்த குழந்தையிடம், சிவப்பணுவை வளைக்காத கருக்கால ஹீமோகுளோபின் நிறைய இருப்பதால் அறிகுறி எதுவும் தெரியாது; கரைதிறன் சோதனையும் உதவாது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தாளில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. பழங்குடி ஊர்களில் அது கொஞ்சம் குறைவாகவே இருந்தாலும், பிறந்த குழந்தையைப் பரிசோதிக்க நம்மைவிட வசதியான மாநிலம் இந்தியாவில் அதிகம் இல்லை. நீலகிரி மாவட்டத்தின் எல்லாப் பிரசவ அறைகளிலும் இது வழக்கமான வேலையாக வேண்டும். நாற்பது வயதுக்காரரைத் தேடிப் பிடித்துப் பரிசோதிக்கும் சிரத்தையில் பாதி இதற்குப் போதும். நிமோகாக்கல் தடுப்பூசி ஏற்கெனவே தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. அதோடு பென்சிலின் பாட்டிலையும் சேர்த்துவிட்டால் போதும்.

அடுத்தது ஹைட்ராக்சியூரியா. பழைய, மலிவான மாத்திரை. கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி கூட்டி, சிவப்பணு வளைவதைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1998இல் சிக்கிள் செல்லுக்கு அனுமதி பெற்றது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாடுகளின் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. வலி குறைந்தது, மலேரியாகூடக் குறைந்தது, மரணமும் குறைந்தது. அந்த நாடுகளில் முடிந்தது நம் மலையில் முடியாதா? நம்மிடம் ஒரு பழைய நம்பிக்கையும் குறுக்கே நிற்கிறது: இந்தியச் சிக்கிள் செல் ‘லேசானது’ என்று. இங்குள்ளவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்கும் மரபு வகை பரவலாக இருப்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு வலியில் துடிக்கிறவரிடம் ‘உங்களுக்கு லேசானதுதான்’ என்றால் அவர் அடுத்த முறை மருத்துவமனைக்கே வர மாட்டார்.

மாத்திரை இருந்தால் மட்டும் போதாது. அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும், கர்ப்பம் திட்டமிடுபவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடந்தால்தான் ஒருவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தொடர்வார். ஊட்டியில் 700 படுக்கையோடு புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஏற வேண்டும், அதுவும் குளிருக்குள். குளிர், உயரம், தண்ணீர் குடிக்காத பயணம்: சிக்கிள் செல் வலியைக் கிளப்புகிறவை இவைதான். மாதாமாதம் மாத்திரை வாங்க அந்த வழியில் வரச் சொல்வதில் எந்த மருத்துவமும் இல்லை. மாத்திரை கீழே இறங்கி வரட்டும்.

வேலை செய்யத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர் பயிற்சி பெற்று வார்டு நடத்துகிறார்கள். கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் ஆண்டுக்கணக்கில் இந்த நோயோடு மல்லுக்கட்டி வருகிறது. பணியர் மொழியிலோ பெட்டக்குறும்பர் மொழியிலோ ‘கேரியர் என்றால் நோய் இல்லை’ என்று விளங்கச் சொல்ல அவர்களால் முடியும். கோவையிலிருந்து போகும் என்னால் முடியாது. மரபணு ஆலோசகர் பணியிடம் உருவாக்கும்போது பட்டத்தை மட்டும் பார்க்காமல் மொழியையும் தகுதியாக வையுங்கள். சம்பளமும் அதற்கேற்ற மாதிரி இருக்கட்டும்.

புதிய சிகிச்சைகள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவியால் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லில் ஒரு வெட்டுப் போட்டு, தூங்கிப் போன கருக்கால ஹீமோகுளோபினை எழுப்பிவிடுகிறார்கள். பல நோயாளிகளுக்கு வலியே நின்றுபோயிருக்கிறது. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். நம் நாட்டில் டெல்லியில் உள்ள மரபணு ஆய்வு நிறுவனமான ஐஜிஐபி உருவாக்கிய சிக்கிள் செல் கிரிஸ்பர் சிகிச்சை, பழங்குடி விடுதலைப் போராளி பிர்சா முண்டாவின் பெயரால் ‘பிர்சா 101’ என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. குறைந்த செலவில் தருவதுதான் குறிக்கோள் என்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவத்ஸவா குழுவினர், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அதன் பிறகு ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஆக, செய்யக்கூடியவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும்.

இருந்தாலும் கிரிஸ்பர் வரும்வரை காத்திருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. திருத்திய செல்லை உள்ளே வைக்க முதலில் எலும்பு மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் காலி செய்ய வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனை, தொற்று ஆபத்து, பிறகு குழந்தை பெறும் திறனே போய்விடும் அபாயம். இதை ஒரு பதினெட்டு வயதுப் பணியர் பெண்ணுக்கு அவள் மொழியில் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. ஹீமோகுளோபின் புரதத்தையே குறிவைத்து வந்த வாக்ஸிலோட்டர் என்ற மருந்து, 2019இல் அமெரிக்காவில் விரைவு வழியில் அனுமதி பெற்று, 2024 செப்டம்பரில் அதன் நிறுவனத்தாலேயே உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. புதியதை முதலில் வாங்கிக்கொள்கிறவர் அதன் ஆபத்தையும் முதலில் வாங்கிக்கொள்கிறார். பரிசோதனைச் சிகிச்சை நீலகிரிக்கு வரும்போது, வரட்டும் என்றே விரும்புகிறேன், அதன் மேற்பார்வைக் குழுவில் அந்த ஊர் மக்களும் உட்கார வேண்டும்.

ரத்தம் யாருடையது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் அடியில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 தொடங்கி நீரிழிவு ஆய்வுக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு, இடப்பெயர்வு, உறவுக்குள் திருமணம் என்று அவர்கள் கேள்வியேபடாத ஆய்வுகளுக்குப் போனது. வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்ததோடு மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. நம்மிடம் 10,074 முழு மரபணுத் தொகுதிகளை வாசித்த ஜீனோம் இந்தியா போன்ற பெரிய வேலைகள் நடக்கின்றன. அவை தேவை, அவற்றில் பழங்குடிகள் விடுபடவும் கூடாது. ஆனால் சிக்கிள் செல் முகாமில் எடுத்த ரத்தம் சிக்கிள் செல்லுக்கு மட்டும்தான். மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்பதைப் படிவத்தில் ஒரு வரியாவது எழுதி, வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றால் அழித்துவிட வழி வையுங்கள்.

சட்டத்தை நம்பி இதை விட்டுவிட முடியாது. 2023இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தகவலுக்கென்று தனி அந்தஸ்து இல்லை. அமெரிக்காவில் 2008 முதல் உள்ளதுபோல், மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கக் கூடாது என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே கிடையாது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், ‘மரபணுக் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை மாநில அரசு ஓர் அரசாணை போட முடியும்: முடிவு அந்த நபரிடமும் (சிறுவர் என்றால் பெற்றோரிடமும்) சிகிச்சை தருபவரிடமும் மட்டும்தான் சொல்லப்படும், விடுதிக் காப்பாளர், தலைமையாசிரியர், எஸ்டேட் மேஸ்திரி, ஊராட்சித் தலைவர் யாருக்கும் பட்டியல் போகாது. வாட்ஸ்அப்பில் கண்டிப்பாகப் போகாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சிக்கிள் செல் நோயையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு பெறும் வகைகளில் ரத்தக் கோளாறுகள் வரவில்லை. மற்ற சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதச் சான்றும் எளிதில் கிடைப்பதில்லை. வலி வந்து போகிற நோய் இது. மருத்துவக் குழு முன்னால் நிற்கும் நாளில் அவர் நன்றாகத்தான் தெரிவார். எல்லை தாண்டினால் வயநாட்டில் இந்நோயாளிகளுக்கு கேரள அரசின் மாத உதவித்தொகை உண்டு. அண்ணன் அந்தப் பக்கமும் தங்கை இந்தப் பக்கமும் கட்டிக்கொடுக்கப்பட்ட குடும்பங்கள் இங்கே சாதாரணம். அதற்கு ஈடான உதவி இந்தப் பக்கமும் எல்லோருக்கும் தெரியும்படி, அலையாமல் கிடைக்கும்படி இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், செலவில்லாதது. நீலகிரி மாவட்டத்துக்கு மட்டுமாவது சில எண்களை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். உறுதியான நோயாளிகள் எத்தனை பேர், அவர்களில் ஹைட்ராக்சியூரியாவைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், பிறந்தவுடன் பரிசோதித்த குழந்தைகள் எத்தனை, பென்சிலின் பெறுகிற குழந்தைகள் எத்தனை, முதல் சோதனைக்கும் உறுதி முடிவுக்கும் நடுவே எத்தனை நாள் ஆகிறது. பெயர் வேண்டாம், எண் போதும். இந்தக் கணக்கை வைத்து மதிப்பாய்வுக் கூட்டம் போடும்போது அதைக் கூடலூரிலோ பந்தலூரிலோ வையுங்கள். நோயாளிகளும் வந்து பேசட்டும். ஊட்டிக் குளிரில் வைத்து அவர்களை வரவழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்